டிரம்மில் கலந்த அரிசி

எங்கள் நாயுடுபுரம் வீட்டில் அரிசி எங்கே இருக்கிறது என்று கேட்டால் ஒரே பதிலாகச் சொல்ல முடியாது. சமையலறை மூலையில் ஒரு மூட்டை, அத்தையின் கட்டிலுக்கடியில் ஒன்று, பீரோவுக்குப் பின்னால் இன்னொன்று. மதுரையிலிருந்து வாக்கப்பட்டு வந்த எனக்கு இது விளங்கவே இல்லை. இந்த மலை ஈரத்தில் உப்பே கசிந்து தண்ணீராகிறது. மூட்டையைத் தரையில் போட்டால் பூஞ்சை பிடிக்காமல் என்ன செய்யும்? கேட்டால் அத்தை, அதாவது என் மாமியார், "அது பாட்டுக்குக் கெடக்கட்டும்மா" என்பார்.

போன வருஷம் வீட்டில் எதுவுமே சரியாக இல்லை. தாண்டிக்குடி ரோட்டில் ஜீப் கவிழ்ந்து என் கணவருக்குக் கால் முறிந்திருந்தது. எலும்பு கூடிவிட்டது, இனி நடந்தால்தான் பலம் வரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவரோ ஜன்னலோர நாற்காலியை விட்டு எழுந்திருக்க மறுத்தார். கெஞ்சினேன், கத்தினேன். "நாளைக்குப் பாக்கலாம்" என்பார். இப்படியே இருந்தால் நடையே போய்விடுமோ என்று பயந்தேன். அந்த ஆத்திரத்தை எதிலாவது காட்ட வேண்டுமே, சாமான் அறையில் காட்டினேன்.

மாடிப்படிக்குக் கீழே இருந்த இருட்டு அறையைக் காலி செய்து, வெள்ளையடித்து, பலகை போட்டு, மூடி இறுகும் டிரம்கள் வாங்கி வைத்தேன். அத்தை ஒரு கல்யாணத்துக்காகப் பழனிக்குப் போயிருந்த வாரத்தில் மூன்று மூட்டை அரிசியையும் புடைத்து ஒரே டிரம்மில் கொட்டினேன். காய்ந்த மிளகாய் போட்டு மூடினேன். ரொம்ப நாளைக்கு அப்புறம் ஒரு வேலை உருப்படியாக முடிந்த திருப்தி. அந்த வாரம் முழுக்க அதிலிருந்துதான் சமைத்தேன்.

அத்தை திரும்பி வந்ததும் கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தார்.

"ஏத்தா, இங்கிட்டுக் கெடந்த மூட்ட எங்க?"

டிரம்மைக் காட்டினேன். பாராட்டுவார் என்று நினைத்த என் புத்தியை என்ன சொல்ல!

"அய்யய்யோ, அது முருகனுக்கு நேந்த அரிசிம்மா! எம்மவன் எந்திரிச்சு நடந்துட்டான்னா, தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போறவங்களுக்கு ஆக்கிப் போடுறேன்னு வேண்டிக்கிட்டுச் சேத்து வச்சது. நேந்தத வெளிய சொல்லப்படாதுன்னு வாயத் தொறக்காம இருந்தேன்."

எந்த மூட்டை? கட்டிலுக்கடியில் இருந்ததும் பீரோவுக்குப் பின்னால் இருந்ததுமாம். அப்படியானால் அந்த அளவை அளந்து தனியாக எடுத்துவிடலாமே என்றேன். "எது சாமியோடது, எது நம்மளோடதுன்னு பாத்து எடுப்பியா?" என்றார். எனக்குச் சாமி நம்பிக்கை அவ்வளவாகக் கிடையாது. ஆனாலும் அந்த மூடியைத் திறக்கக் கை வரவில்லை. வேறு அரிசி வாங்கிக் கொடுத்துவிடலாம் என்றால், சாப்பிட்டதை என்ன செய்வது? பக்கத்து வீட்டு அக்கா தோஷமில்லை என்றார். பழனியிலிருந்து அத்தையின் அண்ணன் போனில் மொத்தத்தையும் கோயிலுக்குக் கொடுக்கச் சொன்னார். யோசிக்க யோசிக்கக் குழப்பம்தான் கூடியது.

கடைசியில் அத்தையே தீர்ப்புச் சொன்னார்.

"மொத்தமும் முருகனோடதுதான். பழனிக்கு நடக்கப் போறவங்க திங்கட்டும். எனக்கு முட்டி வலி, நடக்க முடியாது, கடையில வேற அரிசி வாங்கிக்கிறேன்."

அத்தை வருமுன்பே அந்த டிரம் அரிசியில் வைத்த அன்றைய சோறு வெந்து இறங்கியிருந்தது. கணவர் தட்டோடு உட்கார்ந்திருந்தார். நான் கரண்டியைப் பிடித்தபடி நின்றேன். அத்தை நிஜமாகவே நம்பித்தான் சொன்னாரா, மகனை மடக்கத்தான் சொன்னாரா? முகத்தைப் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை.

"என்ன நிக்குற?" என்றார் கணவர்.

"இதச் சாப்பிட்டா பழனிக்கு நடக்கணுமாம்."

"ஒரு வாரமா இதத்தான சாப்பிட்டேன்?"

"ஆமாங்க."

அம்மாவைப் பார்த்தார். அத்தை ஜன்னலைப் பார்த்தார். பிறகு தட்டை என் பக்கம் நீட்டி, "போடு" என்றார்.

நிதானமாகச் சாப்பிட்டு முடித்தார். அதுவரை கை கழுவக் கிண்ணத்தில் நான்தான் தண்ணீர் கொண்டுபோவேன். அன்றைக்குக் கொண்டுபோனபோது வேண்டாம் என்று தலையாட்டினார். சுவரைப் பிடித்து எழுந்து, பின்கட்டுக் குழாயைப் பார்த்து ஒவ்வொரு எட்டாக வைத்தார். தாங்கப் போன என் முந்தானையை அத்தை பிடித்து இழுத்தார். பக்தியா, ரோஷமா, வெறும் பசியா, எது அவரை எழுப்பியது என்று எனக்குத் தெரியவில்லை. நான் கிண்ணத்தோடு நின்று அழுதேன்.