புதுக் கூரையும் உப்புக் கிணறும்

போன கிழமை புங்குடுதீவுக்குப் போயிருந்தேன். செல்வராணி ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து தந்தாள்.

"குடிச்சுப் பாருங்கோ அக்கா."

ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை. அவ்வளவு உப்பு.

இரண்டு வருடத்துக்கு முன் இந்த வீட்டுக் குடிபூரலுக்கு வந்து, இதே கிணற்றுத் தண்ணீரில் போட்ட தேநீரைக் குடித்தவள் நான். செல்வராணியின் கணவன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. அதன்பிறகு மகளோடு யாரோ ஒருவருடைய வளவில், தகரக் கொட்டிலில் இருந்தாள். அப்போதுதான் ஊர்ச் சங்கம் அந்த வேலையைத் தொடங்கியது. வெளிநாடு போனவர்கள் விட்டுச்சென்ற கல்வீடுகளை, அவர்களிடம் சம்மதம் வாங்கி, பழைய மாதிரியே சுண்ணாம்புச் சாந்து பூசித் திருத்தி, வீடில்லாதவர்களுக்குக் கொடுப்பது. இந்த வீடும் அப்படிக் கிடைத்ததுதான். வீட்டோடு சேர்ந்த காணியில் மாரிக்கு மொட்டைக்கறுப்பன் நெல். கோடையில் பொதுக் கிணற்றிலிருந்து கையால் இறைத்துக் குரக்கனும் கத்தரியும்.

நல்ல திட்டம்தான்... முன்னுக்கு நின்றவர் சங்கத் தலைவர் சிவபாதம் அண்ணை. கல் சுமந்தார், கூரை ஏறினார். பொதுக் கிணற்றில் யாரும் மோட்டர் பூட்டக்கூடாது என்று சட்டம் போட்டவரும் அவர்தான். தீவுக் கிணறுகளில் நல்ல தண்ணீர் மேலே மெல்லியதாகத்தான் நிற்கும். அவசரப்பட்டு இழுத்தால் கீழே இருக்கும் உப்பு ஏறிவிடும்.

இந்தக் கோடையில் அவருடைய சொந்தக் கிணறு வற்றியது. வெங்காயம் பாதி வளர்ந்து நின்றது. பொதுக் கிணற்றில் மோட்டர் இறங்கியது.

செல்வராணி சங்கக் கூட்டத்தில் எழும்பிக் கேட்டிருக்கிறாள்.

"அண்ணை, மோட்டர் பூட்டக்கூடாதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

"ஓம் பிள்ளை, சொன்னனான்தான். பயிரைக் காயவிட்டிட்டு நான் என்னெண்டு சீவிக்கிறது?"

அவர் சொன்னதும் பொய்யில்லை. மற்றவர்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார்களாம். பின்வரிசையிலிருந்து ஒருவர் மட்டும் வாய் திறந்தார்.

"அவர் இல்லாட்டி உமக்கு இருக்க வீடே இல்லை. இரும்."

அவள் இருந்துவிட்டாள். வேறென்ன செய்வது?

கொஞ்ச நாளில் தண்ணீர் கரித்தது. முதலில் அவளுடைய கத்தரி கருகியது. பிறகு குரக்கன். கடைசியில் அந்த வெங்காயமும்தான். சிவபாதம் அண்ணை மோட்டரைக் கழற்றிக்கொண்டு போனார். அதன்பிறகு இந்த ஒழுங்கையால் அவர் வருவதில்லை.

நன்றி சொல்லவேண்டிய மனிதரிடம் நியாயம் கேட்பது எவ்வளவு கஷ்டம்! ஊர் கூடிச் செய்கிற எந்த நல்ல காரியத்திலும் இந்த இடம் வரும் – அதைத் தாண்டத்தான் ஆளிருப்பதில்லை.

இப்போது பவுசர் லொறி வந்தால்தான் குடிதண்ணீர். செல்வராணி கிளிநொச்சியில் இருக்கும் தமக்கையிடம் போய்விட யோசிக்கிறாள்.

"இந்த வீடுகளை விட்டிட்டுப் போன சனத்தை நான் வாய்க்கு வந்தபடி பேசினனான் அக்கா," என்றாள். "இப்ப விளங்குது."

மழை பெய்தால் கிணறு தெளியக்கூடும் என்றேன். அவள் செம்பை வாங்கினாள். நான் மிச்சம் வைத்த தண்ணீரைக்கூட மரத்தடியில் ஊற்றாமல் முற்றத்தில் ஊற்றினாள்.

திரும்பும் வழியில் சங்கக் கட்டடத்தில் ஒரு அறிவித்தலைப் பார்த்தேன். இன்னும் மூன்று வீடுகள் திருத்தப் போகிறார்களாம் – அதே கிணற்றை நம்பி.