புதன்கிழமை ஆறு இருபத்திரண்டு

நெஸ்டா கார் ஓட்ட லைசென்ஸ் வாங்கி முப்பத்தொரு வருடம் ஆகிறது. அதில் ஒரு கறை கிடையாது. இதை அவளே வாரத்துக்கு இரண்டு தடவையாவது சொல்லிவிடுவாள். எங்கள் தொடக்கப்பள்ளிச் சமையலறையில் அவள்தான் தலைமைச் சமையல்காரி. நான் அவளுக்குக் கீழே உருளைக்கிழங்கு உரிப்பவள். பதினோரு வருடமாக ஒரே அடுப்படி.

எங்கே போவதானாலும் ஐந்து நிமிடம் பிந்தித்தான் கிளம்புவாள். ஆனால் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுவாள். அந்த ஐந்து நிமிடத்தை வழியில் எங்கே பிடிக்கிறாள் என்று நாங்கள் யாரும் யோசித்ததில்லை. வேல்ஸ் முழுக்க ஊருக்குள் முப்பது மைல் வேகம் என்றிருந்ததை அரசாங்கம் இருபதாகக் குறைத்தபோது எங்கள் பள்ளத்தாக்கே வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டது. நெஸ்டா மட்டும் புலம்பவில்லை. புதுப் பலகையை அவள் திரும்பியே பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அவளுக்கு ஒரே மகள், மாரெட். மாரெட்டுக்கு எட்டு வயதானபோது கார்டிஃபுக்கு வேலை தேடிப் போன அப்பன் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். அதிகம் பேசாத பெண். பதினேழு வயதில், மே மாதம், முதல் தடவையிலேயே ஓட்டுநர் தேர்வில் தேறினாள். இருபது மைல் தள்ளியிருக்கும் சீஸ் ஆலையில் தொழில் பழகுபவளாக இடமும் கிடைத்தது. வேலை காலை ஆறு மணிக்கு. எங்கள் ஊரின் முதல் பஸ் எட்டேகாலுக்கு. ஜூலை முதல் தேதி வரைதான் இடத்தைப் பிடித்து வைப்போம் என்று ஆலையில் சொல்லிவிட்டார்கள். கார் இல்லாவிட்டால் வேலை இல்லை, இன்சூரன்ஸ் இல்லாவிட்டால் கார் இல்லை.

கார் சுலபமாகக் கிடைத்தது. ஆயிரத்து நூறு பவுண்டுக்கு ஒரு சின்னச் சிவப்பு வண்டி. இன்சூரன்ஸ் விலையைப் பார்த்த அன்று நெஸ்டா போட்ட கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

"ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரமா? இந்தக் காசுக்கு இதே மாதிரி ரெண்டு கார் வாங்கிடலாமே! நீ என்னடி, விமானமா ஓட்டப்போறே?"

"பதினேழு வயசுன்னாலே அப்படித்தான்மா கேக்கறாங்க," என்றாள் மாரெட்.

மூன்று வாரம் தாயும் மகளும் கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். வண்டியைத் தெருவில் நிறுத்துவதாகப் போட்டால் ஒரு விலை, வீட்டு முற்றத்தில் என்றால் வேறு விலை. அப்போதுதான் ஆட்டுப்பண்ணைக்கார ஈவோர் நெஸ்டா வீட்டுச் சமையலறைக்குள் வந்து உட்கார்ந்து, கேட்காத யோசனையைச் சொன்னான்.

"காரை உன் பேர்ல போடு நெஸ்டா. நீதான் ஓட்டறேன்னு எழுது. அவளை அப்பப்போ ஓட்டறவளாச் சேத்து விடு. பாதி விலைதான். ஊர்ல எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

"உன் தங்கச்சி மகனும் அப்படித்தானே பண்ணான்? சுவத்துல கொண்டுபோய் விட்டப்போ கம்பெனிக்காரன் ஒரு காசு குடுத்தானா?"

"அவன் வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்."

"நான் பொய் எழுதினா என் கை நடுங்கும் ஈவோர். டீ குடிச்சிட்டுக் கிளம்பு."

பொய்யில்லாமல் விலையைக் குறைக்கவும் ஒரு வழி இருந்தது. மாரெட் பெயரிலேயே காப்பீடு எடுத்து, நெஸ்டாவைக் கூடுதல் ஓட்டுநராகச் சேர்ப்பது. கறை இல்லாத முப்பத்தொரு வருடத்துக்கு ஒரு மதிப்பு உண்டல்லவா. அதோடு வண்டிக்குள் ஒரு கறுப்புப் பெட்டி வைப்பார்கள். எவ்வளவு வேகம், எங்கே பிரேக் என்று அது கம்பெனிக்கும் மாரெட்டின் போனுக்கும் சொல்லிக்கொண்டே இருக்கும். இரண்டும் சேர்ந்து ஆயிரத்து அறுநூறுக்கு இறங்கியது. அந்தப் பணத்துக்காக நெஸ்டா தன் சொந்தக் காரை விற்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. "உனக்கென்ன கிறுக்காடி? கார் இல்லாம நீ ஒரு நாள் இருப்பியா?"

"ஒரு வீட்டுக்கு ரெண்டு கார் எதுக்கு? காலைல அவ எடுத்துட்டுப் போகட்டும். சாயந்தரம் எனக்கு." அதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை.

ஜூலை முதல் தேதி மாரெட் வேலையில் சேர்ந்தாள். ஆகஸ்ட் பாதியிலிருந்து அவள் ஓட்டுவது ஊருக்கே கேலியாகிவிட்டது. இருபது என்றால் பதினெட்டில் போவாள். பின்னால் பால் லாரி ஹாரன் அடிக்கும், திரும்பிப் பார்க்கமாட்டாள். "பொண்ணு ஆலைக்குப் போறாளா, சவ ஊர்வலம் போறாளா?" என்று ஈவோர் கடைவாசலில் நின்று கேட்டான். நானும் சிரித்தேன். இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை நான் நெஸ்டா வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. மாரெட் பெயருக்குத்தான் வந்திருந்தது. மகள் கடிதத்தைப் பிரிக்க நெஸ்டா என்றுமே கூச்சப்பட்டதில்லை. ஓட்டும் முறைக்கு நூற்றுக்கு முப்பத்தெட்டு மதிப்பெண். நான்கு வாரத்தில் ஐம்பதுக்கு ஏறாவிட்டால் காப்பீடு ரத்து. ஒரு கம்பெனி ரத்து செய்துவிட்டால் அடுத்த கம்பெனி கேட்கும் விலையை நினைத்துப் பார்க்கவே முடியாது. ஆலை வேலை அதோடு போய்விடும்.

"மாரெட்! இறங்கி வாடி கீழே! யாரோட ரேஸ் விட்டுக்கிட்டிருக்கே? உனக்காக நான் காரை வித்தேனே, அதுக்கு இதுதானா மரியாதை?"

மாரெட் படியில் நின்றாள்.

"போனைக் குடு. அதுல எல்லாம் வரும்னு எனக்குத் தெரியும். ஆன்ட்டியும் கேக்கட்டும் உன் லட்சணத்தை." நெஸ்டா போனைப் பிடுங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தாள். "புதன்கிழமை, ஆறு இருபத்திரண்டு, தேவாலயத் தெரு. இருபதுல போகவேண்டிய எடத்துல முப்பத்தி மூணு! ஆறு இருபத்தாறு, பாலத்து வளைவு, கடுமையான பிரேக்..."

எனக்கு டீ புரையேறியது. புதன்கிழமை சாயந்தரம் ஆறரைக்கு எங்கள் பாட்டுக்குழு, நெஸ்டாதான் என்னையும் ஏற்றிக்கொண்டு ஓட்டிப் போவாள். பாலத்து வளைவில் ஈவோரின் ஆடு குறுக்கே வந்தது. என் மடியிலிருந்த கேக் டப்பா பறந்து, திராட்சை போட்ட கேக் முழுக்கக் காலடியில் சிதறியது. பொறுக்கி ஊதிவிட்டுக் குழுவுக்குப் பரிமாறியவளும் நான்தான்.

"நெஸ்டா," என்றேன். "அந்தக் கார்ல நானும் இருந்தேன்."

அவள் அடுத்த வரியைப் படித்தாள். முந்தின புதன். அதற்கும் முந்தின புதன். குரல் மெல்ல மெல்ல இறங்கி நின்றுவிட்டது.

"உனக்கு எப்பத்திலிருந்து தெரியும்?" என்று மகளைக் கேட்டாள்.

"அஞ்சு வாரமா."

"ஏன்டி சொல்லல?"

"உன் காரைத்தான் ஏற்கனவே எனக்காக வித்துட்டே. இதையும் தொடாதேன்னு எப்படிம்மா சொல்றது? நான் மெதுவா ஓட்டினா மார்க் சரிக்கட்டிடும்னு நெனச்சேன்."

நெஸ்டா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். "முப்பத்தொரு வருஷமா ஒரு கறை இல்லேன்னு பீத்திக்கிட்டேன்," என்றாள் என்னிடம். "பாக்க ஆளில்லாமத்தான் இருந்திருக்கு." பிறகு எழுந்து, அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். மாரெட் இறங்கி வந்து அவள் பக்கத்தில் நின்றாள்.

மறுநாளிலிருந்து நெஸ்டா சாவியைத் தொடவில்லை. பெயர் மட்டும் காப்பீட்டில் இருந்தது. எடுத்தால் விலை ஏறும். பள்ளிக்கு அரை மணி நேரம் மேட்டில் நடந்து வந்தாள். மழையில் நனைந்து வந்து என்னைத் திட்டினாள். கடைவாசலில் ஈவோர் மறுபடி சவ ஊர்வலக் கதையை எடுத்தபோது, "வேகமா ஓட்டினது நான்டா, போய் ஊரெல்லாம் சொல்லு," என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னாள்.

நான்காவது வாரம், புதன்கிழமை, நாங்கள் பாட்டுக்குழுவுக்குக் கிளம்பும்போது மாரெட்டின் போன் மணி அடித்தது. மதிப்பெண் ஐம்பத்து நாலு. அவள் முகம் மலர்ந்து நான் பார்த்து எத்தனையோ நாளாகிவிட்டது. சாவியைத் தாயிடம் நீட்டினாள்.

"இன்னிக்கு நீ ஓட்டும்மா. வேணும்னுதான் சொல்றேன்."

நெஸ்டா சாவியைப் பார்த்தாள். எடுத்துக்கொள்வாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் சுற்றிக்கொண்டு போய் இடது பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

"என் காலைப் பத்தி எனக்குத் தெரியும். நீயே ஓட்டு. சீக்கிரம், நேரமாச்சு."

நான் பின்சீட்டில் ஏறி, கேக் டப்பாவை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். தேவாலயத் தெருவில் வண்டி பத்தொன்பதில் போனது. நெஸ்டா முன்னால் உட்கார்ந்திருந்தாள். வலது கால் மட்டும் தரையை அழுத்தி அழுத்தி எடுத்தது.

"அம்மா, கால எடு," என்றாள் மாரெட், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அந்தப் பக்கம் பிரேக் கிடையாது."

"பிரேக்கா? பிரேக் அழுத்தறேன்னு யாருடி உனக்குச் சொன்னது?"