ஒரு நாள் கட்டு

நான் என்ன படிக்கிறேன் என்பது என் சொந்தக்காரர்களுக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆக்குபேஷனல் தெரபி என்றால், "ஓ, பிசியோவா" என்பார்கள். இல்லை என்று விளக்க ஆரம்பித்தால் கேட்கப் பொறுமை இருக்காது. ஓ.டி. என்று சுருக்கிச் சொல்லவும் முடியாது; ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் அது ஓவர்டைம். அடிபட்டவரோ நோயில் விழுந்தவரோ மறுபடி சட்டைப் பொத்தான் போட, சோறு பிசைந்து சாப்பிட, பழைய வேலைக்கோ புது வேலைக்கோ திரும்பிப் போகப் பழக்குவதுதான் எங்கள் தொழில். பட்டப்படிப்பை முடித்து, ஒரு மருத்துவமனையில் சில வருஷம் வேலையும் பார்த்துவிட்டு, மேற்படிப்புக்குத் தண்டலம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் சேர்ந்தேன். கையில் அடிபட்டவர்களுக்கான சிகிச்சைதான் என் சிறப்புப் பாடம். கை விஷயத்தில் எனக்குத் தெரியாதது என்ன இருக்கிறது என்ற நினைப்போடுதான் சேர்ந்தேன். அந்தத் திமிரைச் சொல்லாமல் மிச்சத்தைச் சொல்ல முடியாது.

எங்கள் பேராசிரியை கண்டிப்பானவர். முதல் வகுப்பிலேயே எங்களிடம் என்ன எதிர்பார்க்கிறார் என்று சொல்லிவிட்டார். "யு.ஜி.யில செய்யத் தெரிஞ்சா போதும். இங்க ஏன் செய்றோம்னு சொல்லத் தெரியணும். அளக்கத் தெரியணும். பேஷண்ட் வேலை பாக்கற எடத்துக்கே போய்ப் பாக்கத் தெரியணும். தனக்கு என்ன தெரியாதுன்னு ஒத்துக்கவும் தெரியணும்" என்றார். கடைசியில் சொன்னது எனக்கில்லை, பின் பெஞ்சுக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் அவர் ஒரு பயிற்சி வைத்தார். ஒவ்வொரு மாணவரும் ஒரு நாள் முழுக்க ஒரு குறையோடு வாழ வேண்டும். ஒருத்தனுக்குச் சக்கர நாற்காலி, ஒருத்திக்குக் கண்கட்டு. எனக்கு வலது கை. ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் உள்ளங்கைக்குள் மடக்கி, வளைந்த பிளாஸ்டிக் தகட்டை வைத்து, அதற்கு மேல் முழங்கை வரை பேண்டேஜைச் சுற்றினார். "நாளைக் காலை வகுப்பு வரைக்கும் அவிழ்க்கக் கூடாது. யார் கேட்டாலும் இது பாடம்னு சொல்லக் கூடாது. சொல்லிட்டா அவங்க பாக்கற பார்வை மாறிடும். அந்தப் பார்வையத்தான் நீங்க கத்துக்கணும்" என்றார்.

மதியம் மெஸ்ஸில் இடது கையில் கரண்டியைப் பிடித்துச் சாம்பார் சாதத்தோடு மல்லுக்கட்டினேன். தோழிகள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். துப்பட்டாவில் சிந்திய சாம்பாரைக்கூட என்னவோ தேர்வில் எடுத்த மார்க் மாதிரி எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தேன்.

நான் தங்கியிருந்த மகளிர் விடுதி ஒரகடத்தில் இருந்தது. சாயந்திரம் ஸ்ரீபெரும்புதூரில் இறங்கி ஒரகடம் பஸ் ஏறினேன். முதல் ஷிப்ட் விட்டிருந்த நேரம், நிற்கவே இடமில்லை. கண்டக்டர் என் கையைப் பார்த்தார். இந்தப் பகுதியில் கையில் கட்டு என்றால் மாடிப்படியில் விழுந்தாயா, வண்டியில் விழுந்தாயா என்றெல்லாம் யாரும் கேட்பதில்லை; தகடு அழுத்தும் ப்ரெஸ் மெஷினில் கை மாட்டியதா என்றுதான் கேட்பார்கள்.

"இன்னாமா, ப்ரெஸ்ஸா?" என்றார்.

தலையை ஆட்டினேன். ஆமாம் என்றும் வைத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் வைத்துக்கொள்ளலாம்.

"எத்தினி வெரலு?"

"ரெண்டு" என்றேன். மடக்கிக் கட்டியது இரண்டுதானே, பொய்யில்லையே என்று மனதுக்குள் ஒரு சமாதானம்.

"அடப் பாவமே. ஏம்மா, யாராவது எழுந்து எடம் குடுங்கம்மா. கை போன பொண்ணு நின்னுகினு கீது."

யூனிபார்ம் கோட்டும் கழுத்தில் அடையாள அட்டையுமாக ஒரு பெண் சட்டென்று எழுந்தாள். காலையிலிருந்து நின்று வேலை பார்த்தவள் என்று அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவள் என் தோளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாள். முதல் வெட்கம் அங்கேதான் வந்தது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை. இதுதான் பேராசிரியை சொன்ன பார்வை, கவனித்துக்கொள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவள் கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். கையில் ஈ.எஸ்.ஐ. மருந்துப் பை. கொஞ்ச தூரம் போனதும் குனிந்து, "எக்கா, எங்க வீட்டுக்காரவுகளுக்கும் ரெண்டு வெரலுதான். இதே கைதான்" என்றாள்.

அவள் புருஷனுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் ப்ரெஸ் வேலை. புண் ஆறிவிட்டது. ஆள்தான் அறையை விட்டு வெளியே வருவதில்லை.

"கட்டுப் பிரிச்சப்பக்கூட என்னைய வெளிய போகச் சொல்லிட்டாகக்கா. இன்னைக்கு வரைக்கும் எனக்கே கையக் காட்டல. துண்டுக்குள்ளயே வச்சிருக்காக. கம்பெனில வார திங்கக்கெழம வரச் சொல்லிருக்காக. ஸ்டோர்ல உக்காந்து பாக்குற வேல. வரலைன்னா வேற ஆளப் போட்டுருவாகளாம். இவுக மாட்டேங்காக. கையப் பாத்து எல்லாரும் சிரிப்பாகன்னுட்டு." என் கைக்கட்டையே பார்த்தாள். "நீங்க பொம்பளப் பிள்ள, இந்தக் கையோட தனியா பஸ் ஏறி வாரீக. ஒரு எட்டு வந்து அவுக கண்ணு முன்னாடி நின்னுட்டுப் போங்கக்கா. நான் சொன்னா கேக்க மாட்டாக, உங்களப் பாத்தா கேப்பாக."

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். இந்தக் கட்டு பொய், ஆனால் உங்கள் வீட்டுக்காரருக்கு உதவுவதுதான் என் படிப்பு என்று அந்த நெரிசலிலேயே சொல்லியிருக்கலாம். பேராசிரியையின் விதி தடுத்தது என்று பல நாள் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். விதி அல்ல, ஆசைதான். வெளியே வராத ஒரு மனிதரைத் திங்கட்கிழமைக்குள் எழுப்பி வேலைக்கு அனுப்பிவிட்டால் வகுப்பில் என்னை அடித்துக்கொள்ள ஆள் ஏது? ஆழம் தெரியாமல் காலை விடுவது என்பார்களே, அதுதான். வருகிறேன் என்றேன்.

ஒரகடம் கூட்டுரோட்டிலிருந்து உள்ளே போகும் சந்தில் வரிசையாக லைன் வீடுகள். ஒரே அறை. ஒரு மூலையில் கேஸ் அடுப்பு, கொடியில் இரண்டு கம்பெனி யூனிபார்ம். அவர் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். முப்பதைத் தாண்டியவர், நல்ல உயரம். மடியில் துண்டு கிடந்தது, அதற்குள் வலது கை. அந்நிய ஆள் நுழைந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மனைவியை அவர் பார்த்த பார்வையில் நானே திரும்பி ஓடியிருப்பேன்.

"இந்த அக்காளுக்கும் ப்ரெஸ்ஸுதான். பஸ்ஸுல பாத்தேன்" என்றாள் அவள்.

அவர் கண் என் கட்டுக்கு வந்து அங்கேயே நின்றது. "உக்காரு தங்கச்சி" என்றார்.

அவள் டீ போட்டுக் கொடுத்தாள். நான் இடது கையால் டம்ளரை வாங்கினேன். காலையிலிருந்து பழகியிருந்ததால் சிந்தாமல் குடிக்க வந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அவரும் இடது கையை நீட்டித் தன் டம்ளரை எடுத்தார். வெளியாள் முன்னால் அவர் டம்ளரைத் தொடுவது விபத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை என்று அவள் என் காதருகே முணுமுணுத்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

"ஒண்ணு கேக்கலாமா தங்கச்சி? தப்பா நெனைக்கக் கூடாது." குரலைத் தாழ்த்தினார். "போன வெரலு ஒனக்கு வலிக்கா?"

நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"எனக்கு வலிக்கி. இல்லாத வெரல யாரோ பிடிச்சு முறுக்குத மாதிரி. டாக்டர்ட்ட கேக்கக் கூச்சமா இருக்கு. பைத்தியம்னு நெனச்சுட்டா? இவகிட்டயும் சொன்னதில்ல."

அவள் அடுப்புப் பக்கம் நின்றபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த வலியைப் பற்றி நான் செமினார் எடுத்திருக்கிறேன். கையையோ விரலையோ இழந்தவர்கள் பலருக்கும் வருவது. குறைக்க வழிகளும் உண்டு. நான் யார் என்று சொல்லி அதை விளக்கியிருந்தால் அந்த அறையில் அவருக்கு வேண்டியது கிடைத்திருக்கும். ஆனால் அவர் ஒரு டாக்டரிடம் கேட்கவில்லை. தன்னைப் போலவே அடிபட்டவளிடம் கேட்டார். நுணலும் தன் வாயால் கெடும்.

"எனக்கும் இருக்குண்ணே" என்றேன். "முறுக்கும். சில நேரம் எரியும். விரல் மடங்கி உள்ளங்கையில குத்தற மாதிரி இருக்கும். நிறைய பேருக்கு அப்படித்தான் இருக்குமாம். பைத்தியமெல்லாம் இல்ல."

பாடப்புத்தகத்தில் இருந்த ஒவ்வொரு வார்த்தைக்கும் அவர் தலையை ஆட்டினார். "அதான், அதேதான்" என்றார். கண் நிறைந்துவிட்டது. மனைவியைத் திரும்பிப் பார்த்து, "கேட்டியா? நான் ஒருத்தன் மட்டுமில்ல" என்றார். பிறகு, "திங்கக்கெழம போயித்தான் பாப்பமே" என்றார். அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

துண்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கையை எனக்கு முன்னால் நீட்டினார். இரண்டு விரல்களும் அடியோடு போயிருந்தன. தோல் பளபளவென்று இளஞ்சிவப்பாக மூடியிருந்தது. மனைவி பார்க்கட்டும் என்று கையை அவள் பக்கமும் லேசாகத் திருப்பினார். அவள் கிட்டே வந்து மண்டியிட்டு, தொடாமல் பார்த்தாள். எனக்குள் இருந்த சிகிச்சைக்காரி தழும்பு நன்றாக இருக்கிறது, கட்டைவிரல் அசைகிறது என்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஒன்னோடதக் காட்டு தங்கச்சி" என்றார்.

கட்டுப் பிரிக்கக் கூடாது, டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று சொல்ல வாய்வரை வந்தது. இத்தனை நாள் பெண்டாட்டிக்கே காட்டாத கையை எனக்குக் காட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறவரிடம் இன்னொரு பொய் சொல்ல முடியவில்லை. பிரிக்க ஆரம்பித்தேன். இடது கைக்கு அது சரியாக வரவில்லை. அவள்தான் நுனியைப் பிடித்து, எனக்கு வலிக்கக் கூடாதே என்று பார்த்துப் பார்த்துச் சுற்றைக் கழற்றினாள். தகடு கீழே விழுந்தது. மரத்துப் போயிருந்த இரண்டு விரல்களும் மெதுவாக நிமிர்ந்தன.

அவர் முதலில் சந்தோஷப்பட்டார். அதை என்னால் மறக்கவே முடியாது. "ஐயோ சாமி, ஒண்ணும் ஆகலையே! வெரலு ரெண்டும் இருக்கே!" என்று என் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். எங்கோ டாக்டர்கள் ஒட்டவைத்துவிட்டார்கள் என்றே நினைத்தார். அவர் என்னை ஓங்கி ஓர் அறை அறைந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"அடிபடலண்ணே" என்றேன். "நான் படிக்கிறேன். கை போனவங்களுக்கு வைத்தியம் செய்யற படிப்பு. ஒரு நாள் இப்படி இருந்து பாக்கணும்னு கட்டிவிட்டாங்க."

அவர் என் கையை விட்டார். "படிப்புக்கா?"

"ஆமா."

"எப்ப அவுப்பீங்க?"

"நாளைக்குக் காலைல."

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் இன்னும் என் பேண்டேஜைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. என்னை அழைத்து வந்தது அவள். புருஷனுக்கு முன்னால் அவளைத்தான் நான் பொய்க்காரி ஆக்கியிருந்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன், எங்கள் கல்லூரி மருத்துவமனைக்கு வாருங்கள் என்றேன், அந்த வலிக்கு வழி இருக்கிறது என்றேன். எல்லாவற்றையும் ஒன்றாகச் சொன்னதில் எதுவும் அவர் காதில் ஏறவில்லை.

"அந்த வலி இருக்குன்னீகளே, மேடம்," என்றார். "அதும் படிப்புதானா?"

"அது நிஜம்ண்ணே. நிறைய பேருக்கு வரும்."

"ஒங்களுக்கு வலிக்கலேல்ல?"

"இல்ல."

இருட்டுவதற்குள் கிளம்புங்கள் என்று மரியாதையாகச் சொன்னார்.

மறுநாள் வகுப்புக்குக் கட்டில்லாத கையோடு போனேன். ஏன் அவிழ்த்தாய் என்று பேராசிரியை கேட்டார். அரிப்பு தாங்கவில்லை என்றேன். தோழிகள் சிரித்தார்கள். மற்றவர்கள் பொத்தான் போட்ட கஷ்டத்தையும் பஸ்ஸில் ஏறிய கஷ்டத்தையும் மாறி மாறிச் சொன்னார்கள். என் முறை வந்தபோது நானும் சாம்பார் சிந்திய கதையைச் சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி அந்தச் சந்துக்குப் போனேன். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் வரிசைப்படுத்திக்கொண்டே போனேன். அவள் கதவை முழுக்கத் திறக்கவில்லை. உள்ளே அவர் இருமும் சத்தம் கேட்டது.

"தூங்குதாக மேடம்" என்றாள். 'அக்கா' போய் 'மேடம்' வந்திருந்தது.

"நாளைக்கு வேலைக்குப் போறாரா?"

இல்லை என்று தலையாட்டினாள். அவள் குரலில் கோபம் இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வலிக்காவது மருத்துவமனைக்கு வரச் சொல்லுங்கள், பணம் வேண்டாம், நானே கூட இருந்து பார்த்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினேன்.

அவள் உள்ளே ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் கதவை இன்னும் கொஞ்சம் சாத்தினாள்.

"ராத்திரியெல்லாம் கையப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காக மேடம். வலிக்கான்னு கேட்டா, இல்லாத வெரலு எப்பிடிட்டீ வலிக்கும்னு என்னையப் போட்டுத் திட்டுதாக" என்றாள்.