அக்கா தலைக்குப் போட்ட சோடா

அக்கா கொஞ்சம் கறுப்பு. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். ஆனால் பின்னலைத் தொங்கவிட்டால் முழங்காலைத் தொடும். அவளைப் பற்றி யார் பேசினாலும் அந்தப் பின்னலைத்தான் முதலில் சொல்வார்கள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அப்பாவுக்குக் கல்பாக்கத்தில் கட்டட வேலை கிடைத்து, அச்சரப்பாக்கம் பக்கத்திலிருந்து கடலோரம் குடிவந்தோம். அங்கே ஏரித் தண்ணீர். இங்கே கிணற்றில் வாளியை விட்டால் உப்பு கரிக்கும். சீயக்காய் தலையில் சேறு மாதிரி அப்பிக்கொள்ளும், சோப்பு நுரைக்கவே நுரைக்காது. அக்காவின் முடி மங்கிக்கொண்டே வந்தது.

அந்த நேரம் பார்த்துச் செங்கல்பட்டிலிருந்து ஒரு வரன் வந்தது. அந்தப் பையனை அக்கா ஏற்கெனவே ஒரு கல்யாணத்தில் பார்த்திருக்கிறாள். பிடித்திருக்கிறது என்று என்னிடம் மட்டும் சொன்னாள். அவர்கள் பெண் பார்க்க வர ஒரு மாதம் இருந்தது.

நான் எஸ்.எஸ்.எல்.சி. படித்துக்கொண்டிருந்தேன். உப்புத் தண்ணீரில் சலவைச் சோடாவைக் கரைத்தால் சோப்பு நன்றாக நுரைக்கும் என்று வாத்தியார் சோதனைக் குழாயில் செய்து காட்டியிருந்தார். வீட்டிலேயே படித்தவள் நான்தான் என்ற திமிர் வேறு. கடையில் துணி துவைக்கிற சோடா வாங்கிவந்து, வெள்ளிக்கிழமை அக்கா குளிக்கிற அண்டாவில் ஒரு கை அள்ளிப் போட்டேன். அம்மாவுக்குத் தெரியாது.

"இன்னாடி இது, நொர இப்டி வருது" என்று அக்கா சிரித்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை இரண்டு கை போட்டேன். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை குளித்து உலர்ந்த தலையில் சீப்பு இறங்கவில்லை. இழுத்தால் முடி வேரோடு வரவில்லை, நடுவில் முறிந்து துண்டு துண்டாகக் கையில் வந்தது. பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காக முடிந்தது என்பார்களே, அது எங்கள் வீட்டுக் கிணற்றடியில் நடந்தது. பெண் பார்க்க வர ஒன்பது நாள்தான் பாக்கி.

எல்லாம் உப்புத் தண்ணீரின் வேலை என்று அம்மா நம்பினாள். சோடா போட்டதை அக்காவிடம் மட்டும் சொல்லியிருந்தேன்; நாங்களும் நம்பவிட்டோம். தேங்காய்ப் பால் பிழிந்து தடவினோம். வெந்தயம் ஊறவைத்து அரைத்தோம். செம்பருத்தி இலையை அரைத்து அரைத்து என் உள்ளங்கை பச்சையாகிவிட்டது. மீன் விற்கப்போகிற பக்கத்து வீட்டுப் பெரியம்மா சொன்னாள் என்று புளித்த கஞ்சியும் ஊற்றினோம். எதைத் தடவினாலும் கடைசியில் அதே கிணற்றுத் தண்ணீரில்தானே அலச வேண்டும். அப்பா ஒருநாள் வேலையிடத்திலிருந்து சைக்கிளில் ஒரு கேன் நல்ல தண்ணீர் கொண்டுவந்தார். ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றினேன். ஈரமாக இருக்கும்வரை பழைய முடிபோலத் தெரிந்தது. காய்ந்ததும் மறுபடியும் விறைத்துக்கொண்டு நின்றது. எனக்கு அழுகை வந்தது. அக்கா அழவில்லை, "நாளைக்கி இன்னும் கொஞ்சம் தேங்கா துருவலாண்டி" என்றாள்.

சொன்ன நாளில் வந்தார்கள். எண்ணெயை வழிய வழியத் தேய்த்துப் பின்னி, இரண்டு முழம் பூவைச் சுற்றியிருந்தோம். மாப்பிள்ளையின் அத்தை, சவுரிமுடி வைத்திருக்கிறோமா என்று பார்க்கிற வழக்கப்படி பின்னலை நுனிவரை உருவினாள். அவள் விரலோடு முறிந்த முடி வந்தது.

"இன்னாம்மா, தேங்கா நாராட்டம் கீது?"

"உப்புத் தண்ணிங்க" என்றாள் அம்மா.

"இந்த ஊர்ல எல்லாரும் அதுலதான குளிக்கறாங்கோ. பொண்ணுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

 காப்பித் தட்டோடு நான் கதவோரம் நின்றிருந்தேன். சொல்ல வாயைத் திறந்தேன், தட்டைப் பார்த்துக்கொண்டே மூடிக்கொண்டேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"உடம்புக்கு ஒண்ணுமில்லீங்க. நாந்தான் துணி சோடா போட்டு அலசிட்டேன்" என்றாள்.

"சோடாவா? தலைக்கா?" அத்தை பக்கத்தில் இருந்தவளைப் பார்த்துச் சிரித்தாள். அந்தப் பையன் தலையைக் குனிந்துகொண்டான். ஊருக்குப் போய்ச் சொல்லியனுப்புகிறோம் என்று எழுந்தார்கள். சொல்லியனுப்பவில்லை.

அவர்கள் தெருமுனை தாண்டியதும் அம்மா அக்காவின் முதுகில் நாலு வைத்தாள். "அறிவு கெட்டவளே, யாராவது தலைக்கிப் போடுவாங்களாடி அத?" அந்த நாலும் எனக்கு விழ வேண்டியவை. அப்போதும் நான் சொல்லவில்லை. "நீ போய் பரீச்சைக்குப் படி" என்றாள் அக்கா, முகத்தைத் துடைத்துக்கொண்டே.

அடுத்த தையில் அவளை இரண்டாம் தாரமாகக் கொடுத்தார்கள். அதற்குள் முடியைத் தோள்வரை வெட்டியிருந்தோம். மாப்பிள்ளை வீட்டில் முடியைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

பள்ளியில் வேதியியலில் நான்தான் முதல் மதிப்பெண். வீட்டுக்கு வந்திருந்த அக்கா, மதிப்பெண் அட்டையை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய், "எந்தங்கச்சி எப்பேர்ப்பட்ட மூளக்காரி பாருங்க" என்று வீடு வீடாகக் காட்டிவிட்டு வந்தாள்.