‘ஷேடு’ என்ற கட்டம்

மேடம் என் நோட்டை வாங்கியதும் படிக்க மாட்டார். முதலில் பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடிப்பார். பேனா அழுத்திய தடம் எல்லா வரியிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்ப்பார். மணிக்கு ஒருமுறை எழுந்துபோய் எழுதியவன் கை வரிக்கு வரி மாறும், உட்கார்ந்த இடத்தில் மொத்தமாக எழுதியவன் கை ஒரே சீராக ஓடும் என்பது அவர் எண்ணம். இதை அவர் என்னிடம் சொன்னதில்லை. நானாகத் தெரிந்துகொண்டேன். என்னைச் சந்தேகப்படுகிறவர்களின் கண் எங்கே போகிறது என்று கவனிப்பது எனக்குப் பழகிப்போன வேலை.

எட்டாவதோடு என் படிப்பு நின்றது. தொண்ணூறுகளில் திருப்பத்தூரில் ஓட்டல், நெமிலிப் பக்கம் கரும்பு வெட்டு, பிறகு தோல் பதனிடும் டேனரி ஒன்றில் சுண்ணாம்புக் குழி என்று சுற்றினேன். சுண்ணாம்பில் விரல் இடுக்கெல்லாம் வெந்துபோகும். அந்த வேலை அப்படித்தான். அங்கே ஒரு டின் சாயம் காணாமல் போனபோது என்னை வேலையைவிட்டு அனுப்பினார்கள். நான் எடுக்கவில்லை. எடுக்கவில்லை என்று சொன்னபோது யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார்கள். அதற்குச் சில வருஷம் கழித்து ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தோல் கட்டுகளைத் தூக்கி அடுக்கும் வேலை கிடைத்தது. அங்கேதான் மேடம் வந்தார்.

எங்கள் ஹாலின் நான்கு ஜன்னல்களுக்கு வெளிநாட்டுக் கண்ணாடி வந்திருந்தது. சுவரில் சுவிட்ச். போட்டால் ஏழெட்டு நிமிடத்தில் கண்ணாடி கொஞ்சம் கொஞ்சமாகக் கருநீலமாகும், அணைத்தால் மெதுவாகத் தெளியும். கறுத்திருக்கும்போது வெயிலின் சூடு உள்ளே வராது, ஏசிக்குக் கரண்ட் கம்மியாகும் என்றார்கள். உண்மையிலேயே கம்மியாகுமா, கம்பெனி முழுக்க மாற்றலாமா என்று கணக்குப் போட்டுச் சொல்லத்தான் மேடம். வேலூர்க்காரர், அம்மா நர்ஸ். என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவராக இருக்கலாம். எங்கள் ஹாலையே அவர் கம்ப்யூட்டருக்குள் கட்டி வைத்திருந்தார். சுவர், கூரை, கதவு, நான்கு ஜன்னல் எல்லாம் இருந்தன. கண்ணாடி எந்த மணியில் கறுப்பு, எந்த மணியில் தெளிவு என்று ஒரு பட்டியல் கொடுத்தால், ஒரு வருஷத்து வெயிலை அதன்மேல் ஓட்டி, உள்ளே எவ்வளவு சூடு, எவ்வளவு கரண்ட் என்று அது சொல்லும். நிஜ ஹாலில் எடுத்த அளவோடு அது ஒத்துப்போனால்தான் நம்ப முடியும். அளவு எடுக்க ஒரு ஆள் வேண்டும். நம்பர் எழுதத் தெரிந்தவன் என்று மேனேஜர் என்னைக் கொடுத்தார்.

நோட்டின் ஒவ்வொரு தாளிலும் அச்சடித்த நான்கு கட்டங்கள்: மணி, சூடு, வெளிச்சம், ஷேடு. “ஷேடு இருந்தா டிக் பண்ணு, இல்லன்னா சும்மா விடு,” என்றார் மேடம். எனக்கு உள்ளுக்குள் பயம்தான். இங்கே நிற்கிற ஹாலை எதற்குப் பெட்டிக்குள் இன்னொருமுறை கட்ட வேண்டும்? எத்தனை பேர் இருந்தால் எவ்வளவு சூடு என்றுகூட அதில் ஏற்றினார். நாளைக்கு ஆளைக் குறைத்தால் எவ்வளவு மிச்சம் என்றும் அதுவே சொல்லிவிடும் என்று நினைத்தேன்.

ஜன்னல் ஓரத்து மேசை, நாங்கள் பாய் என்று கூப்பிடும் மூத்த தொழிலாளியுடையது. வாங்குகிறவன் அனுப்பிய மாதிரித் துண்டையும் எங்கள் தோலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நிறம் ஒன்றுதானா என்று சொல்வது அவர் வேலை. அவர் தலையாட்டாமல் ஒரு தோலும் கட்டிங்குக்குப் போகாது. கண்ணாடி வந்த முதல் நாள் சுவிட்சைப் போட்டுப் பார்த்துவிட்டு உடனே அணைத்தார். “இங்க் பாட்டிலுக்குள்ள உக்காந்து கலர் பாக்கச் சொல்றானுங்க. பிரவுனு ஈரல் மாதிரி தெரியுது,” என்றார். அதன்பின் அதைத் தொடவில்லை. ஆனால் சனிக்கிழமை மேடம் வரும் நாளில் மட்டும் மேனேஜர் முன்கூட்டியே ஓடிவந்து கண்ணாடியைக் கறுக்க வைப்பார். யாராவது பெரிய ஆள் வந்தாலும் அப்படித்தான். அன்றைக்கு பாய் தோலைத் தூக்கிக்கொண்டு வெளியே முற்றத்துக்குப் போய்விடுவார்.

மூன்றாவது வாரம், ஜன்னல் பலகைக்கு அடியில் பொத்தான் போல ஒன்று ஒட்டியிருப்பதைப் பார்த்தேன். கேமரா என்று நினைத்தேன். பாயைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“கை வெக்காத தோஸ்து,” என்றார். “எடுத்தீனா, இன்னாத்துக்கு எடுத்தேன்னு உன்னத்தான் கேப்பாங்க. அது பாட்டுக்கு இருக்கட்டும்.”

அடுத்த சனிக்கிழமை மேடம் என்னை மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார். நோட்டு மேசைமேல் திறந்து கிடந்தது. “எல்லா மணிக்கும் ஷேடுன்னு டிக் போட்டிருக்க. ஷேடு இருந்தா உள்ள இவ்ளோ வெளிச்சமும் சூடும் வரவே வராது. எங்க உக்காந்து எழுதினது இது?”

“மேசைகிட்டதான் மேடம்.”

“டீக்கடை மேசைகிட்டயா?” என்றார் மேனேஜர்.

மறுத்துப் பேசினால் என்ன நடக்கும் என்று டேனரியிலேயே பார்த்தவன் நான். மேடம் ஜன்னலடியிலிருந்து கழற்றிவந்த அந்தப் பொத்தானைக் கைப்பையிலிருந்து எடுத்தார். அது சூட்டைத் தானே எழுதிவைத்துக்கொள்ளும் கருவியாம். என்னைச் சோதிக்கத்தான் ஒட்டியிருக்கிறார். கம்ப்யூட்டரில் மாட்டியதும் நம்பர்கள் வரிசையாக வந்தன. என் நோட்டை ஒரு விரலாலும் திரையை ஒரு விரலாலும் தொட்டுக்கொண்டே இறங்கினார். ஒரு வியாழக்கிழமை மூன்று மணிக்கு நான் அங்கே இல்லை. திருப்பத்தூரில் வேறு வேலை இருப்பதாகக் கேள்விப்பட்டு, விசாரிக்கப் பஸ் ஸ்டாண்டு போயிருந்தேன். வந்ததும் குத்துமதிப்பாக ஒரு நம்பர் போட்டேன். மற்றதெல்லாம் சத்தியம், அந்த ஒன்று பொய். ஒரு பொய் கிடைத்தால் போதும், மற்றது எல்லாவற்றையும் அதோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள். இந்த இடத்திலிருந்தும் திருட்டுப் பயல் என்ற பெயரோடு போக வேண்டியதுதான் என்று நின்றேன். விரல் கடைசி வரிவரை இறங்கியது. அந்த வியாழக்கிழமையில்கூட நிற்கவில்லை. “சூடெல்லாம் சரியாத்தான் இருக்கு,” என்றார் மேனேஜரிடம். சொல்லும்போது அவர் முகம் இன்னும் இறுகியது. “அப்போ ஷேடு இன்னா ஆச்சு?”

புதன்கிழமை மத்தியானம், சொல்லாமல் கொள்ளாமல் பஸ் பிடித்து வந்து ஹாலுக்குள் நேராக நுழைந்தார். என்னைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் வந்தார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கண்ணாடி தெளிவாக இருந்தது. வெயில் மேசைமேல் கிடந்தது. நான் வெளிச்சம் அளக்கும் மீட்டரைக் கையில் பிடித்து நின்றிருந்தேன். தாளில் அந்த மணிக்கும் டிக் இருந்தது.

“இன்னா பாய், ஷேடு போடலையா?”

“ஷேடுதாம்மா பாத்துனு இருக்கேன்,” என்றார் பாய், தலையைத் தூக்காமலே. “இந்தத் தோலு ஒரு ஷேடு ஜாஸ்தி. திருப்பி அனுப்பணும்.”

மேடம் கொஞ்ச நேரம் தோலையே பார்த்தார். பிறகு கண்ணாடியைப் பார்த்தார். “மொதல்ல வந்தப்போ, ஒரு நாளைக்கு எவ்ளோ நேரம் ஷேடு வேணும்னு கேட்டேனே?”

“காலைலேந்து சாயந்தரம் வரைக்கும்னு சொன்னேன். ஷேடு பாக்காம நான் இங்க வேற இன்னா பண்றேன்? பல்லாங்குழி ஆடறேனா?”

தோல் வேலையில் ஷேடு என்றால் நிறத்தின் சாயல். மேடத்துக்கு ஷேடு என்றால் கண்ணாடியைக் கறுக்க வைத்து வெயிலை மறைப்பது. பாய் நிறம் பார்க்கும் ஒவ்வொரு மணிக்கும் நான் டிக் போட்டிருக்கிறேன். பாய் சொன்னதை நம்பி மேடம் தன் கம்ப்யூட்டர் ஹாலில் கண்ணாடியை நாள் முழுக்கக் கறுப்பாக வைத்து வருஷத்தை ஓட்டியிருக்கிறார். நாங்கள் மூன்று பேரும் ஒரே சொல்லை ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். மேடம் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, பாய் எந்த மணியில் எந்தத் தோல் பார்க்கிறார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார்.

சரியான பட்டியலைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்ததும், மிச்சமாகும் என்று சொன்ன கரண்ட் ஏறக்குறைய காணாமல் போனது. மேனேஜருக்குப் பிடிக்கவில்லை. முதலாளிக்கு ஏற்கெனவே பழைய கணக்கைச் சொல்லிவிட்டாராம். “பழைய ரிப்போர்ட்டே இருக்கட்டும் மேடம். பாய வேற ரூமுக்கு மாத்திக்கறோம்,” என்றார். “மாத்துங்க. மாத்தினதுக்கு அப்புறம் அளந்து சொல்றேன்,” என்றார் மேடம். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. கண்ணாடியும் நான்கோடு நின்றது.

போவதற்கு முன் ரிப்போர்ட்டின் பின்னால் சேர்க்க என் அளவு எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டியிருந்தது. என்னையே படிக்கச் சொன்னார். நான் படிக்கப் படிக்க அவர் தட்டினார். நோட்டைக் கேட்கவில்லை. அந்த வியாழக்கிழமை மூன்று மணிக்கு வந்தேன். “முப்பத்தொண்ணு,” என்றேன். அவர் விரல் தட்டவில்லை, திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அது நான் பாக்கல மேடம்,” என்றேன்.

“தெரியும். பொத்தான்ல முப்பத்தினாலு இருக்கு.”

“அன்னிக்கே ஏன் மேனேஜர்கிட்ட சொல்லல?”

என்மேல் இரக்கப்பட்டாரா, இல்லை நானாகச் சொல்கிறேனா என்று கடைசி நாள்வரை காத்திருந்தாரா, எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. அதன்பின் எத்தனையோ ஊர், எத்தனையோ வேலை பார்த்துவிட்டேன். கண்ணாடிக் கட்டடங்களுக்குக் காவலாகவும் நின்றிருக்கிறேன். என்னை நம்பியவர்கள் என்று யோசித்தால் மேடம் முகம் வரும், நம்பாதவர்கள் என்று யோசித்தாலும் அவர் முகம்தான் முதலில் வரும். பொத்தான் சொன்ன முப்பத்தினாலை அவர் அங்கே போட்டிருக்கலாம். போடவில்லை. அந்த ஒரு கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு அடுத்த வரிக்கு இறங்கினார்.

“நாலு மணி?” என்றார்.

நான் படித்தேன். தட்டினார்.