தராசோடு ரெங்கம் லயத்துக்கு

தன் பிள்ளை ஒரு வேளைக்கு எவ்வளவு சாப்பிடுகிறது என்பது தாய்க்குத் துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டுமா? தெரியாமல் இருப்பதுதான் பிள்ளைக்கு நல்லதா? ரெங்கத்திலிருந்து திரும்பிச் சில வாரங்கள் ஆகியும் இதற்கு என்னிடம் பதில் இல்லை. போய் வந்த விவரத்தை முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு ஜொகூர் பாரு ஸ்டேஷனில் ரயில் ஏறினேன். இடுப்பில் ஒன்றரை வயது மகள் கமலா. கையில் துணிப்பை. காலடியில் ஒரு மரப்பெட்டி. அதற்குள் பித்தளைத் தட்டு வைத்த தராசு. அந்தப் பெட்டி என்னுடையதல்ல, டாக்டரம்மாவுடையது. இந்த நாட்டு மக்கள் எங்கெங்கே என்ன சாப்பிடுகிறார்கள், எவ்வளவு சாப்பிடுகிறார்கள், கைக்குழந்தைகள் ஏன் இறந்துபோகின்றன என்று ஆராய்ந்து அரசாங்கத்துக்கு எழுதும் வேலை அவருக்கு. கம்பங்கள் எனப்படும் மலாய்க் கிராமங்களுக்கும் சீனர்களின் அன்னாசித் தோட்டங்களுக்கும் வேறு பெண்களோடு போய் வந்துவிட்டார். தமிழர் இருக்கும் ரப்பர் தோட்டத்துக்கு, தமிழும் ஆங்கிலமும் தெரிந்து அடுப்படிவரை போகக்கூடிய ஒரு பெண் தேவைப்பட்டாள். என் கணவர் அரசாங்கக் காரியாலயத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. அவர் மூலமாக டாக்டரம்மா எனக்குச் சொல்லி அனுப்பினார்.

"போகட்டுமா?" என்று அவரிடம் மூன்று முறை கேட்டேன்.

"ஏழு நாள்தானே, போய்ட்டு வா. இல்ல வேணாம்னா இரு. ஆனா ராத்திரியெல்லாம் கேட்டுக்கிட்டே இருக்காதே" என்றார். பிள்ளையையும் கூட்டிப் போகலாம் என்று டாக்டரம்மா சொன்ன பிறகுதான் எனக்குத் துணிவு வந்தது.

ரெங்கம் ஏறக்குறைய ஐம்பது மைல். மூன்றாம் வகுப்புக்கு ஒரு வெள்ளி ஐம்பது காசு கொடுத்தேன். கூலாய் தாண்டியதும் இருபுறமும் ரப்பர் மரங்கள் தொடங்கின. எத்தனை வரிசை! வண்டி ஓட ஓட ஒவ்வொரு வரிசையும் கதவைப்போல் திறந்து மூடியது. ஒரு மனிதக் கை ஒவ்வொரு மரத்தையும் தொட்டுச் சீவியிருக்கிறது என்று நினைத்தபோது மலைப்பாக இருந்தது. அத்தனை கைகளுக்கும் யாரோ சோறு போட்டிருக்க வேண்டும். அந்தச் சோற்றை எடை போடத்தான் நான் போகிறேன். என்னால் ஆகுமா என்று லாயாங் லாயாங் ஸ்டேஷன் வந்தபோது காலடிப் பெட்டியை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

ரெங்கத்தில் இறங்கும்போது பதினொரு மணி இருக்கும். தோட்டத்து லாரி காத்திருந்தது. டிரைவர் ஒரு மலாய்க்காரர், நரைத்த மீசை. மரப்பெட்டியில் என்ன என்று கேட்டார். தராசு, சோற்றை எடை போட, என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன்.

"சோத்த எடை போட்டு யாருக்கு விப்பீங்க?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். "என் பொண்டாட்டிகிட்ட இந்தப் பெட்டியக் காட்டிடாதீங்க. நான் தின்கிறது வெளியே தெரிஞ்சிடும்!"

அங்கிருந்து ஐந்து மைல் செம்மண் பாதை. கமலா குலுங்கிக் குலுங்கித் தூங்கிப்போனாள்.

டாக்டரம்மா எனக்கு முன்பே வந்து தோட்டத்து ஆஸ்பத்திரியில் தங்கியிருந்தார். எனக்கு அதன் பின்புறத்தில் ஒரு அறை. மறுநாள் காலை கண் விழித்தபோது வெளியே இன்னும் இருட்டு. எதிரே லயங்கள், ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள். ஒவ்வொரு வாசலிலும் ஓர் அடுப்பு எரிந்தது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நெருப்பு வரிசை. பெரட்டுக்கு, அதாவது காலை ஆஜருக்கு, ஆள் கூப்பிடும் மணி அடித்ததும் கருப்புக் காப்பியைக் குடித்துவிட்டு, குழந்தைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, அத்தனை பேரும் மரங்களுக்குள் மறைந்துபோனார்கள். கொஞ்ச நேரத்தில் நெருப்புகள் மட்டும் மிஞ்சின. நான் கமலாவை அணைத்துக்கொண்டு நின்றேன். நகரத்தில் அந்த நேரத்தில் பால்காரன்கூட எழுந்திருக்கமாட்டான்.

மத்தியானம் அவர்கள் திரும்பிச் சமையல் ஆன பிறகு என் வேலை. ஒரே லயத்தில் ஆறு வீடுகள். சமைத்ததை எடை போட வேண்டும். பிறகு ஒவ்வொருவர் தட்டில் விழுவதையும் எடை போட வேண்டும். முதல் வீடு அங்கம்மாவுடையது. என் வயதுதான் இருக்கும். ரப்பர் பால்மரம் சீவும் பெண். வீட்டுக்காரர் முனியாண்டி களை வெட்டுபவர். ஒரே மகள், பெயர் குப்பு. கமலாவைவிட இரண்டு மாதம் மூத்தவள்.

நான் தராசை வைத்ததும் லயமே கூடிவிட்டது. பக்கத்து வீட்டு ராக்காயிக்கு வாய் ஓயாது.

"கிராணிம்மா, சோத்த நிறுக்கிறீங்க, சரி. இந்தப் புள்ள இன்னும் பால் குடிக்குதே, அத எப்படி நிறுப்பீங்க?"

பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துச் சமாளித்தேன். கிராணியின் மனைவி என்பதால் முதல் நாளிலிருந்தே நான் அவர்களுக்குக் கிராணிம்மா.

புழுங்கலரிசிச் சோறு, பருப்பு, கருவாடு, வாய்க்காலோரத்தில் பறித்த பசலைக் கீரை. வீட்டுக்காரர் தட்டை எடை போட்டேன். "அடேயப்பா, முனியாண்டி தட்டு முள்ள இழுக்குது பாரு!" என்றாள் ராக்காயி. அங்கம்மாவின் தட்டையும் எடை போட்டேன். பிறகு குப்புவின் சின்ன மங்குக் கிண்ணத்துக்குக் கை நீட்டினேன்.

அங்கம்மா அதை வெடுக்கென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அது வேணாம்மா."

"ஒரு நிமிஷந்தான்."

"புள்ள சோத்த நிறுக்கக்கூடாது. எண்ணக்கூடாது. பாக்கவே கூடாதும்பாங்க." அவள் குரல் தணிந்தது. "மூணு போயிருச்சு கிராணிம்மா. இது ஒண்ணுதான் தங்கிச்சு. பொறந்த அன்னிக்கே குப்பையில போட்டு எடுத்தோம், குப்புன்னு பேரு வச்சோம். இத்தனையும் செஞ்சிட்டு உங்க தராசில வைக்கவா?"

மற்ற ஐந்து வீடுகளிலும் அதே பேச்சு. பெரியவர்களுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் எடை போடு, பிள்ளைகளை விட்டுவிடு.

சாயங்காலம் டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "பெரியவர்கள் சாப்பிடுவது மட்டும் தெரிந்து என்ன பயன்? இறப்பது குழந்தைகள்தானே. மூன்று குழந்தைகளைப் பறிகொடுத்த வீட்டில் நான்காவது என்ன சாப்பிடுகிறது என்பதை விட்டுவிட்டுப் போக முடியுமா? நீங்கள் அவர்களுடைய ஆள். ஒரு வழி பாருங்கள்" என்றார். அவர் சொன்னது முழுக்க நியாயம். அங்கம்மா சொன்னதும் எனக்கு நியாயமாகவே பட்டது. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

புதன்கிழமை மத்தியானம் மறுபடி போனேன். கண்ணேறு என்பது வீண் பயம், குழந்தையின் சாப்பாடு தெரிந்தால்தான் அரசாங்கம் நல்லது செய்யும் என்று எனக்குத் தெரிந்த அளவில் எடுத்துச் சொன்னேன். அங்கம்மா பொறுமையாகக் கேட்டாள். பிறகு கமலாவைப் பார்த்தாள்.

"உங்க புள்ளைக்கு நிறுத்துத்தான் ஊட்டுவீங்களா கிராணிம்மா?"

ஒருவரும் சிரிக்கவில்லை. ராக்காயிகூட.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அதுதான் உண்மை. ஆனால் சொன்னால் வேலை அங்கேயே முடிந்தது. நான் கமலாவுக்குக் கொண்டுபோயிருந்த பருப்புச் சோற்றைக் கிண்ணத்தோடு எடுத்தேன். நான் படித்தவள், இதையெல்லாம் நம்புகிறவள் அல்ல என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பித்தளைத் தட்டில் கிண்ணம் மோதிச் சத்தம் எழுந்தது.

அப்போதுதான் அது நடந்தது. அங்கம்மா சட்டென்று திரும்பி, எனக்கு முதுகு காட்டி நின்றாள். அடுத்து ராக்காயி. பிறகு வாசலில் நின்ற பெண்கள், தண்ணீர்க் குடத்தோடு வந்தவள், சுவரில் சாய்ந்திருந்தவள், ஒருவர் விடாமல் எல்லாரும். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. தங்கள் பார்வை என் மகளின் சோற்றில் விழுந்துவிடக் கூடாது என்று அந்த லயத்துப் பெண்கள் அத்தனை பேரும் ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தராசு முள் ஆடி நிற்கும்வரை யாரும் அசையவில்லை. கோயில்களில் தீபாராதனைக்கு நின்றிருக்கிறேன். அப்படி ஒரு அமைதியை அங்கேகூட நான் உணர்ந்ததில்லை.

முள்ளைப் பார்த்தது நான் ஒருத்திதான்.

"ஆச்சா?" என்று திரும்பாமலே கேட்டாள் அங்கம்மா.

"ஆச்சு."

அவள் வந்து கமலாவின் கன்னத்தைத் தடவி நெட்டி முறித்தாள். "நீங்க செஞ்சிட்டீங்க. பெரிய மனசு. ஆனா என்னால ஆகாதும்மா, மன்னிச்சுக்குங்க" என்றாள்.

நான் பெட்டியை மூடப் போனேன். ராக்காயிக்கு வாய் திரும்பிவிட்டது. "இம்புட்டு தூரம் வந்திருக்காங்க, வெறுங்கையோடவா அனுப்புறது? சட்டிய நிறுத்துக்கிட்டுப் போங்க கிராணிம்மா. சட்டிக்கா கண்ணு படும்?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. சட்டியை எடை போடலாம். குப்புவுக்குப் பரிமாறிய பிறகு மறுபடி சட்டியை எடை போடலாம். குறைந்தது எதுவோ அது குப்புவுடையது. அவள் மங்கு தராசுப் பக்கமே வர வேண்டியதில்லை. இதைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

அங்கம்மா சட்டியையும் தராசையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சட்டிய நிறுத்தா புள்ள சோறு உங்களுக்குத் தெரிஞ்சிரும்ல?"

"தெரிஞ்சிரும்" என்றேன். பொய் சொல்ல மனம் வரவில்லை.

"தெரிஞ்சா தெரிஞ்சுக்குங்க. வாய்விட்டுச் சொல்லாதீங்க. எங்கிட்டயும் சொல்லாதீங்க."

"அவ வைக்கிற மிச்சம்?"

"அத நான்தான் திங்கிறேன். என் தட்டுல விழுந்ததும் என் தட்ட நிறுத்துக்கோங்க. என்மேல யாரு கண்ணு வைக்கப்போறா!"

அன்றிலிருந்து ஞாயிறுவரை ஆறு வீடுகளிலும் சட்டிகளை எடை போட்டேன். சோற்றுச் சட்டி, குழம்புச் சட்டி, கீரைச் சட்டி. ஒவ்வொரு முறையும் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு எங்கேயோ பார்ப்பார்கள். நானும் எண்களை உதடு அசையாமல் குறித்துக்கொள்வேன். மரவள்ளிக்கிழங்கு, பூசணி, முருங்கைக்கீரை என்று ஒவ்வொன்றாகச் சட்டிக்குள் வந்தன. குட்டை போன்ற ஒரு ஓடையிலிருந்து முனியாண்டி பிடித்து வந்த கெளுத்தி மீன்கள் ஒரு நாள் வந்தன. இந்த இலையும் கிழங்கும்தான் மறுநாள் விடிவதற்குள் எழுந்து மரம் மரமாக நடக்கும் கால்களாகின்றன என்று பார்த்துப் பார்த்து எனக்கு அலுக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் சீரணத்தைப் படம் போட்டுப் படித்திருக்கிறேன். அங்கேதான் அதை ஆச்சரியம் என்று உணர்ந்தேன்.

ஞாயிறு மாலை டாக்டரம்மா கணக்கைப் பார்த்தார். குப்பு வீட்டுச் சாப்பாடு ஏழைச் சாப்பாடுதான், பாலும் முட்டையும் போதாது. ஆனால் புழுங்கலரிசியும் கீரையும் இருப்பதால் கால் வீங்கும் நோய் இந்த வீட்டை எட்டாது என்றார். அந்த நோய் தீட்டிய வெள்ளை அரிசியே சாப்பிடுகிறவர்களுக்கு வருவதாம். எங்கள் வீட்டில் வெள்ளை அரிசிதான். பிறகு புதன்கிழமை எழுதிய ஓர் எண்ணில் விரலை வைத்து, "இது யார்? இந்த வயதுக்கு இது குறைவு" என்றார்.

கமலா.

"ஒரு வேளையை வைத்து எதுவும் சொல்ல முடியாது. பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறாள், கவலைப்படாதீர்கள்" என்று உடனே சொன்னார். கவலைப்படாதே என்று சொல்லி எந்தத் தாய் கவலைப்படாமல் இருந்திருக்கிறாள்?

திங்கட்கிழமை லாரி ஏறும்போது பெண்கள் மரங்களுக்குப் போய்விட்டிருந்தார்கள். ஆயாக் கொட்டகையில் குப்பு ஒரு தகரக் குவளையைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தாள். அவள் எவ்வளவு சாப்பிடுகிறாள் என்பது எனக்குத் தெரியும், அவளைப் பெற்றவளுக்குத் தெரியாது. இந்த நினைப்பு ஜொகூர் பாரு வரும்வரை என்னோடு வந்தது.

வீட்டில் இப்போது புழுங்கலரிசிக்கு மாறிவிட்டோம். தராசை டாக்டரம்மாவிடம் கொடுத்துவிட்டேன். ஆனால் கண் பழகிவிட்டது. கிண்ணத்தைப் பார்த்தால் இவ்வளவு அவுன்ஸ் என்று மனம் சொல்கிறது. ஒவ்வொரு வாயும் உள்ளே போகும்போது கழித்துக்கொண்டே இருக்கிறேன். நாலாவது வாய்க்குக் கமலா என் முகத்தைப் பார்க்கிறாள். ஐந்தாவதுக்கு உதட்டை இறுக மூடிக்கொள்கிறாள். ரெங்கம் போகும் முன் அவள் இப்படிச் செய்ததில்லை. அல்லது செய்திருந்தும் நான் கவனிக்கவில்லையோ, அதுவும் தெரியவில்லை. "நீ அவளுக்கு ஊட்டுறியா, பரீட்சை வைக்கிறியா?" என்கிறார் என் கணவர். அவர் ஊட்டினால் சாப்பிடுகிறாள். அவர் காரியாலயம் போய்விட்டால் மறுபடி அதே கதை.

அடுத்த மாதம் பெக்கான் நானாஸ் பக்கம் ஒரு தோட்டத்துக்கு வர முடியுமா என்று டாக்டரம்மா கேட்டிருக்கிறார். அங்கேயும் சட்டியை எடை போடும் முறையையே வைத்துக்கொள்ளலாம் என்கிறார். போக எனக்கு ஆசை. அந்தக் காலை நெருப்பு வரிசையை இன்னொரு முறை பார்க்க வேண்டும். ஆனால் கமலாவைக் கூட்டிப் போவதா, விட்டுவிட்டுப் போவதா, போகாமலே இருப்பதா?

இதைப் படிக்கும் தாய்மார்களிடம் கேட்கிறேன். உங்கள் பிள்ளை வாயை மூடிக்கொண்டால் நீங்கள் வற்புறுத்துவீர்களா, விட்டுவிடுவீர்களா? பிள்ளையின் சாப்பாட்டை ஒருமுறை அளந்து பார்த்துவிட்டு, பிறகு அளக்காமல் ஊட்டப் பழகிக்கொண்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எப்படிப் பழகினீர்கள்? டாக்டரம்மாவுக்கு இந்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். அதற்கு முன் இந்தப் பத்திரிகைக்கு இரண்டு வரி எழுதிப் போட்டால் நன்றியோடு இருப்பேன்.