முகத்துவாரத்தில் பன்னிரண்டு அமாவாசை

என் அப்பா முனிகிருஷ்ணன் பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் அவர் பிடித்த எறா சென்னையில் பல்கலைக்கழகத்தில் இருபத்திரண்டு பாட்டில்களில் இருந்தது. பழவேற்காடு கடைத்தெருவில் அதை அவர் சொல்லாத ஆள் கிடையாது. பிறகு அந்தப் பேச்சையே விட்டுவிட்டார். ஏன் விட்டார் என்று தெரிந்த சிலர் அதைச் சிரிப்புக்காகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் சிரிக்க ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

1971 தை மாதம் கமலவல்லி எங்கள் குப்பத்துக்கு வந்தார். திருவள்ளூர்க்காரர். அவருடைய அப்பா ஆராவமுதன், அந்த ஊர்க் கோயிலில் கைங்கரியம் செய்பவர். மீன் வாசனையே ஆகாத வீட்டிலிருந்து வந்த பெண், எறாவைப் பற்றி ஆராய்ச்சி செய்தார். எறா ஏரியில் வளர்ந்து, அமாவாசைக்கு நீர் வடியும்போது கூட்டம் கூட்டமாகக் கடலுக்குப் போகும். எந்த மாதம் எவ்வளவு வளர்ந்த எறா போகிறது என்று அளந்து எழுதினால் அவருக்கு டாக்டர் பட்டம். அதற்கு வீட்டில் கொடுத்த கெடு இரண்டு வருஷம். அதற்குமேல் உதவித்தொகையும் கிடையாது, கல்யாணத்தைத் தள்ளிப்போடவும் முடியாது.

முதல் இரண்டு தடவை அப்பா அவரைப் படகில், ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்துக்கு அழைத்துப் போனார். எறா கெடாமலிருக்க அதை மருந்துத் தண்ணீரில் போடுவது எப்படி என்று கமலவல்லி காட்டினார்.

"ஒவ்வொரு அமாவாசைக்கும் இதே மாதிரி ஒரு பாட்டில் எடுத்து வைப்பீங்களா? மறு வாரம் வந்து வாங்கிக்கறேன்."

"இதெல்லாம் ஒரு வேலையாம்மா? நீங்க போங்க. எறா எங்க போய்டப் போவுது?"

எங்கள் ஊரில் ஒருவன் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. நல்ல இடம் சில, மோசமான இடம் பல. அதனால் சீட்டுப் போட்டு வரிசை வைத்திருக்கிறார்கள். இன்று முகத்துவாரம் உனக்கு என்றால் நாளை வேறொருவனுக்கு, உனக்கு உள் ஏரியில் சேற்றுப் பக்கம். இதற்குப் பாடு என்று பெயர். யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது. ஒரே ஆள் மாதாமாதம் ஒரே இடத்தில் வலை போடுவது என்பது எங்கள் ஜனங்களின் புத்திக்கே எட்டாத விஷயம். முதல் இரண்டு தடவை அப்பாவின் பாடு முகத்துவாரத்தில் விழுந்தது தற்செயல். அதன்பின் ஒவ்வொரு அமாவாசைக்கும் தன் பாடு எங்கே விழுந்ததோ அங்கே போனார். அன்று பிடித்ததில் நல்லதாகப் பார்த்து பாட்டிலில் போட்டார்.

அந்த வருஷம் அக்கரைத் தீவிலிருந்து ராக்கெட் விட்டார்கள். சின்னதுரை மாமா கரையில் நின்று அப்பாவை வம்புக்கு இழுப்பார்.

"இன்னா மச்சான், அந்தாண்ட ராக்கெட் உட்றான், இந்தாண்ட நீ எறா ஊறுகா போட்டுக்கினு கீற?"

"போடா. ராக்கெட்டு மேல போய்ட்டு திரும்பக் கீழ உழுவும். என் எறா காலேஜ்ல போய் உக்காந்துக்கினு கீது."

கமலவல்லி மிகவும் சந்தோஷமாக இருந்தார். எறாவின் அளவு ஒரு மாதம் பெரிதாகவும் மறுமாதம் பொடியாகவும் வந்தது. இப்படி யாரும் கண்டதில்லை என்று அவருடைய பேராசிரியர் சொன்னாராம். எழுதி முடிக்குமுன் இடத்தை மறுபடி ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று இருபத்துமூன்றாம் மாதம் அமாவாசைக்கே வந்தார். அன்று விடியற்காலை படகில் நானும் இருந்தேன். அப்பா கோலைத் தெற்கே ஊன்றித் தள்ளினார்.

"முனிகிருஷ்ணன், முகத்துவாரம் அந்தப் பக்கம்னா இருக்கு?"

"இன்னைக்கு நம்ம பாடு அங்க இல்லியேம்மா. சேத்து மடுவுல கீது."

"அப்போ போன அமாவாசைக்கு?"

"போன மாசம் நடு ஏரி. அதுக்கு முன்ன ரெண்டு மாசம் சேறு. ஆடியில ஒரு தபா முகத்துவாரம் வந்துச்சு, அன்னைக்கு எறா ஒண்ணொண்ணும் விரல் மாதிரி."

கமலவல்லி நோட்டை எடுத்து, முதல் மாதத்திலிருந்து சொல்லுங்கள் என்றார். அப்பா இருபத்திரண்டு அமாவாசையையும் தட்டாமல் சொன்னார். தன் பாடு விழுந்த இடத்தை மறக்கிற மீனவன் இல்லை. சொல்லி முடித்ததும் பெருமையோடு சிரித்தார். தான் செய்தது தப்பு என்று அவருக்கு அப்போதும் தெரியாது.

பத்து நாள் கழித்து கமலவல்லி மறுபடி வந்து எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னார். கடலுக்குப் போகிற எறாவை அளந்ததாக நினைத்து ஏரி முழுக்க உள்ள எறாவை அளந்திருக்கிறார். அன்றன்றைக்கு எழுதி வைக்காத இடத்தை ஞாபகத்திலிருந்து எழுதினால் ஆராய்ச்சி ஆகாது என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். இனி முகத்துவாரத்திலேயே ஒரு முழு வருஷம் எடுத்தால்தான் உண்டு. உதவித்தொகை முடிய ஒரு மாதம் இருந்தது.

"உங்க மேல தப்பில்ல. இடத்தைக் கேட்டிருக்க வேண்டியது நான்தான்."

அவர் திட்டியிருந்தால் அப்பாவுக்கு ஆறியிருக்கும் என்று அம்மா இன்றும் சொல்வாள்.

"ஒரு வருசம் நான் எடுத்து வைக்கிறேம்மா. முகத்துவாரத்துலயே."

கமலவல்லி சரி என்பதுபோலத் தலையை ஆட்டினார். மிச்சமிருந்த காலி பாட்டில்களையும் மருந்து டின்னையும் விட்டுவிட்டுப் போனார். மனம் நோகக் கூடாதென்று ஆட்டிய தலை அது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. அப்பா அதை வாக்காக எடுத்துக்கொண்டார்.

பாடு வரிசையை மாற்ற ஊர்க்கூட்டத்தில் கேட்க வேண்டும். ஊர்ப் பெரியவர் அப்பாவு என்பவர் முதலில் ஒப்பவில்லை.

"ஒரே எடத்துல உக்காரணும்னா கோயில்ல போய் உக்காரு. ஏரியில இன்னாத்துக்கு?"

கூட்டம் சிரித்தது. அப்பா எழுந்து போகவில்லை. கடைசியில், முகத்துவாரத்தில் ஒரு நாளுக்குப் பதிலாகத் தன் நல்ல பாடு இரண்டை விட்டுத்தர வேண்டும் என்று முடிவானது. எங்கள் வீட்டில் அந்த வருஷம் பாதி நாள் கஞ்சிதான்.

"அந்தப் பொண்ணு கேட்டுச்சா உன்ன? இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு?" என்று அம்மா கங்கம்மாள் கத்தினாள்.

"கெடுத்தவன் நான்தானே கங்கம்மா."

பன்னிரண்டு அமாவாசை. ஒரு தடவை காய்ச்சலோடு போனார். தேதிச் சீட்டு எழுதியது நான். இடத்தையும் எழுதச் சொல்வார், எழுதியபின் படித்துக் காட்டச் சொல்வார்.

1974 தையில் பாட்டில்களைப் பழைய வலையில் சுற்றி, கூடையில் வைத்து, இரண்டு பஸ் மாறி, கமலவல்லி வீட்டைத் தேடித் திருவள்ளூர் போனார். கண்டக்டர் மூக்கைப் பிடித்துக்கொண்டாராம்.

"இன்னாய்யா நாத்தம்? கருவாடா?"

"இல்ல நைனா. ஆராய்ச்சி."

பஸ் முழுக்கச் சிரித்ததை வந்து எங்களிடம் சொன்னார். மற்றதை மெதுவாகத்தான் சொன்னார்.

குளத்தங்கரைத் தெருவில் ஆராவமுதன் வீட்டுக்கு எதிர்ப்புறம், கூடையை இறக்காமலே நெடுநேரம் நின்றிருக்கிறார். பெரியவர் வெளியே வந்து விசாரித்தார்.

"கமலா இங்க இல்லையேப்பா. கல்யாணமாகி நாக்பூர் போய் ஆறு மாசமாச்சு. அந்தக் காகிதமெல்லாம் பரண்ல இருக்கு."

"இத அவங்களாண்ட சேத்துட்டா போதும் சாமி."

பெரியவர் கூடையைப் பார்த்தார். "எங்காத்துல எப்படிப்பா இதை வெச்சுக்கறது?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. குடிக்க மோர் கொடுத்து, மகளின் விலாசத்தை எழுதிக் கொடுத்தார். அப்பா அதே கூடையோடு திரும்பி வந்தார்.

அவர் சொல்லச் சொல்ல நாக்பூருக்குக் கடிதம் எழுதினேன். மூன்று வாரத்தில் ஒரு கார்டு வந்தது. அந்த ஆராய்ச்சி முடிந்துபோன விஷயம், பேராசிரியரும் ஓய்வு பெற்றுவிட்டார், மருந்துத் தண்ணீர் விஷம், ஏரியில் கொட்டாமல் தள்ளிக் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள் என்று இருந்தது. கீழே இடம் போதாமல் ஓரத்தில் ஒரு வரி: "பன்னிரண்டு மாதமும் முகத்துவாரத்திலேயா?"

"ஆமான்னு எழுது," என்றார் அப்பா. எழுதிப் போட்டேன். அதற்குப் பதில் வரவில்லை.

சவுக்குத் தோப்புக்குப் பின்னால் குழி தோண்டி, பாட்டில்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்தார். எறா வெளுத்துப் போயிருந்தாலும் மீசை ஒடியாமல் இருந்தது. கடைசிப் பாட்டிலைக் கவிழ்க்குமுன் சீட்டைப் படிக்கச் சொன்னார். "மார்கழி அமாவாசை, முகத்துவாரம்" என்று படித்தேன்.

அடுத்த அமாவாசைக்குப் பாடு தானாகவே முகத்துவாரத்தில் விழுந்தது. கூடை நிறைய எறா. அம்மாவுக்கு அன்று வாயெல்லாம் பல். அப்பா கரையில் குந்தி, பழக்கத்தில் ஒரு கை எறாவை நல்லதாகப் பார்த்துத் தனியே பொறுக்கினார். சின்னதுரை மாமா அதைப் பார்த்துவிட்டுத் தன் வலையை மடிக்கப் போனார். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்துவிட்டு, அப்பா அதைத் திரும்பக் கூடையில் போட்டார்.